சைன் என்பது ஒரு நாண்

கேள்வி: திருமங்கலத்தில் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகன் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழியில் படிக்கிறான். முக்கோணவியல் பாடம் தொடங்கிய நாளிலிருந்து, 'சைன் என்றால் என்ன அம்மா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். எதிர்ப்பக்கம் வகுத்தல் கர்ணம் என்று எழுதத் தெரிகிறது, கணக்கும் போட்டுவிடுகிறான். ஆனால் அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. டியூஷனில் 'அது பரீட்சைக்கு வராது' என்று சொல்லிவிட்டார்களாம். கையெழுத்துப் போடுவதைத்தான் சைன் என்கிறோம், அதுவாக இருக்கும் என்கிறான் அவன் நண்பன். எனக்குச் சைனஸ் தொல்லை உண்டு. 'உன் சைனஸும் என் சைனும் ஒன்றா?' என்று நேற்று இரவு கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தாலும், அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு என்பதை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது. இப்படிக் கேட்டுக்கொண்டு நேரத்தை வீணாக்குகிறானோ? அவனுக்கு என்ன பதில் சொல்வது?
— ஒரு வாசகி, திருமங்கலம்

அன்புள்ள சகோதரிக்கு,

மதுரையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். இத்தனை ஆண்டுகளில் இந்தக் கேள்வியை எழுந்து நின்று கேட்ட பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களுக்கும் அது தோன்றியிருக்கும். எல்லோரும் எழுதிக்கொள்கிறார்களே என்று தாங்களும் எழுதிக்கொண்டிருப்பார்கள். உங்கள் மகன் கேட்டுவிட்டான். முதலில் அவனுக்குப் பதிலைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் பயத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

சைன் என்றால் வில்லில் கட்டும் நாண். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த நாணில் பாதி. கையெழுத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. இரண்டும் ஒலியில் ஒன்றாக இருக்கின்றன, அவ்வளவுதான். சைனைச் சுருக்கி எழுதும் sin என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் 'பாவம்' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளாகவும் இருப்பதைப் பார்த்து மிரண்ட பிள்ளைகளும் உண்டு. அதுவும் வேறு சொல். ஆனால் உங்கள் சைனஸ் இருக்கிறதே, அது சைனுக்கு உடன்பிறப்பு. உங்கள் மகன் விளையாட்டாகக் கேட்டது உண்மைதான். அதோடு நிற்கவில்லை. நீங்கள் சட்டைக்கு வைத்துத் தைக்கிற ஜேபியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வில்லின் நாண் எப்படிச் சட்டைப் பைக்குள் போய் மூக்கைச் சுற்றியுள்ள எலும்பின் குழிக்கு வந்து சேர்ந்தது என்பது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பயணம்.

அதைச் சொல்வதற்கு முன், அவன் கையில் ஒரு வில்லைக் கொடுங்கள்.

இந்தப் பாடத்தைத் தொடங்கும் நாளில் நான் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு போவேன். வழியில் பூக்காரம்மாவிடம் ஒரு முழம் வாழைநார் வாங்கிக்கொள்வேன். மல்லிகை கட்டுகிற அதே நார்தான். வகுப்பில் ஈர்க்கை வளைத்து, இரண்டு முனைகளையும் நாரால் இழுத்துக் கட்டி உயர்த்திக் காட்டினால், கடைசி பெஞ்சிலிருந்துகூடக் குரல் வரும்: 'வில்லு சார்!' அதைக் கரும்பலகையில் வைத்து, வளைந்த ஈர்க்கின் மேல் சாக்பீஸை ஓட்டுவேன். கோடு விட்ட இடத்திலிருந்து அதைத் தொடர்ந்து சுற்றிக்கொண்டு போய் வட்டமாக முடிப்பேன். இப்போது ஈர்க்கு வட்டத்தின் ஒரு துண்டு. நார் அந்தத் துண்டின் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோடு.

அந்தத் துண்டுக்கு நம் பாடநூலில் என்ன பெயர் என்று உங்கள் மகனைக் கேளுங்கள். 'வில்' என்பான். நேர்கோட்டுக்கு? 'நாண்' என்பான். வடிவியல் பாடத்தில் வட்டம் பற்றிப் படிக்கும்போது அந்தச் சொற்களை நூறு முறை எழுதியிருப்பான். ஆனால் அவை மெய்யாகவே வில்லும் நாணும் என்று கண்ணால் பார்த்திருக்க மாட்டான். ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளைகள் ஆர்க் என்றும் கார்ட் என்றும் சொல்வதும் இதுதான். ஆர்க் என்பது வில்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கார்ட் என்பது கிரேக்க மொழியில் நரம்பு, தந்தி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொற்களுக்குள் இருக்கும் வில் அவர்களுக்குத் தெரியாது. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கோ அது சொல்லிலேயே கிடைக்கிறது. தமிழ் வழிப் பிள்ளைகள் தங்களைக் குறைவாக நினைத்துக்கொள்ளும்போதெல்லாம் நான் இதைச் சொல்லிக் காட்டுவேன்.

இனி அளந்து பார்க்க வேண்டும். ஈர்க்கு சரியான வட்டமாக வளையாது, ஆகவே கவராயம் எடுத்துக்கொள்ளட்டும். 10 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். கவராயத்தின் கூர்முனையை வட்டத்தின் மேல் எங்காவது வைத்து, அதே 10 செ.மீ. அகலத்தில் வட்டத்திலேயே ஒரு வெட்டுப் போடட்டும். இரு புள்ளிகளையும் அளவுகோலால் இணைத்தால் அது 10 செ.மீ. நாண். இரு புள்ளிகளையும் மையத்தோடு இணைத்தால் மூன்று பக்கமும் 10 செ.மீ. உள்ள முக்கோணம் வரும். ஆகவே மையத்தில் அந்த நாண் தாங்கும் கோணம் 60 பாகை. இப்போது மையத்திலிருந்து நாணுக்கு ஒரு செங்குத்து வரையச் சொல்லுங்கள். மையத்திலிருந்து நாணுக்கு வரையும் செங்குத்து நாணை இருசமமாக வெட்டும் என்று அவன் தேற்றமாகப் படித்திருப்பான். நாண் 5, 5 என்று பிரியும். கோணம் 30, 30 என்று பிரியும்.

வெட்டிய பாதியை மட்டும் பார்க்கட்டும். அது ஒரு செங்கோண முக்கோணம். 30 பாகைக்கு எதிரே இருப்பது பாதி நாண், 5 செ.மீ. கர்ணம் என்பது வட்டத்தின் ஆரம், 10 செ.மீ. எதிர்ப்பக்கம் வகுத்தல் கர்ணம், அரை. சைன் 30 என்று அட்டவணையில் மனப்பாடம் செய்தானே, அந்த அரை இதுதான். அவன் எழுதிக்கொண்டிருக்கும் சூத்திரத்தில் 'எதிர்ப்பக்கம்' என்று இருக்கும் இடத்தில் உண்மையில் இருப்பது பாதி நாண்.

இந்தப் பாதியை எடுத்தவர்கள் யார்? கிரேக்க வானியலாளர்கள் நாணைத்தான் கணக்கிட்டார்கள், ஆனால் முழு நாணாக. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த டாலமி அரைப் பாகைக்கு ஒன்றாக 180 பாகை வரை நாண்களின் நீளத்தைக் கணக்கிட்டு அட்டவணை போட்டு வைத்தார். கோளும் சூரியனும் எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்று கண்டுபிடிக்க அது வேண்டியிருந்தது. ஆனால் கணக்குகளில் பெரும்பாலும் தேவைப்படுவது செங்கோண முக்கோணம். அதற்காக ஒவ்வொரு முறையும் கோணத்தை இரட்டிப்பாக்கி, அட்டவணையில் நாணைத் தேடி, அதைப் பாதியாக்க வேண்டும். இந்திய வானியலாளர்கள் அந்தச் சுற்றுவழியை வெட்டிவிட்டார்கள். பாதி நாணையே அட்டவணையாகப் போட்டுவிட்டார்கள். முதலில் நாண் அட்டவணை போட்ட பெருமை கிரேக்கர்களுக்கு உரியது. பாதியை எடுத்த புத்தி நம் பக்கத்துக்கு உரியது. இதைக் கூட்டாமல் குறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

கி.பி. 476-இல் பிறந்த ஆரியபட்டர் தம் ஆரியபடீயத்தில் இந்த அட்டவணையை ஒரே ஒரு செய்யுளுக்குள் அடக்கியிருக்கிறார். எழுத்துகளே எண்களைக் குறிக்கும்படி அமைந்த செய்யுள். வடமொழியில் வில்லின் நாணுக்கு 'ஜ்யா' என்று பெயர், 'ஜீவா' என்றும் சொல்வார்கள். பாதி நாண் 'அர்த்தஜ்யா'. எப்போதும் பாதியைத்தானே பயன்படுத்துகிறோம் என்று நாளடைவில் 'அர்த்த'த்தை விட்டுவிட்டு வெறும் ஜ்யா, ஜீவா என்றே அழைக்கத் தொடங்கினார்கள். சைனின் இயற்பெயர் இதுதான்.

ஜீவா மேற்கே போன கதைக்கு வருகிறேன். கி.பி. 770-களில், பாக்தாதை ஆண்ட கலீபா அல்-மன்சூரின் அவைக்கு இந்திய வானியல் நூல் ஒன்று போய்ச் சேர்ந்தது. அது அரபு மொழியில் பெயர்க்கப்பட்டது. ஜீவா என்ற சொல்லுக்கு அவர்கள் பொருள் தேடவில்லை. ஒலியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அரபியில் 'வ' ஒலி நம்முடையதுபோல இல்லாததால் அது 'ஜீபா' ஆனது. நாம் பைரவரை வைரவர் ஆக்கிக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். ஒரு மொழியின் ஒலி இன்னொரு மொழிக்குள் நுழையும்போது அந்த வீட்டு வாசலுக்கு ஏற்றபடி குனிந்துதான் நுழைகிறது.

இங்கேதான் திருப்பம். அரபு எழுத்தில் குற்றுயிர்களை எழுதும் வழக்கம் இல்லை. மெய்களை எழுதிவிட்டு, உயிரை வாசிப்பவர் தம் மொழியறிவால் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜீபா என்பதை ஜ, ய, ப என்ற மூன்று எழுத்துகளாக எழுதுவார்கள். அரபியில் ஜீபா என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை. ஆனால் அதே மூன்று எழுத்துகளில் 'ஜைப்' என்று ஒரு நல்ல அரபுச் சொல் உண்டு. வாசிப்பவர்களின் நாக்கு பொருள் தெரிந்த பக்கம் சாய்ந்தது. ஜீபா, ஜைப் ஆகிவிட்டது.

இது நமக்குப் புரியாத விஷயம் அல்ல. நம் ஓலைச்சுவடிகளை வாசிப்பவர்கள் நாள்தோறும் படும் பாடுதான் இது. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்த மாட்டார்கள். குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்டும் கொம்பும் அன்று இல்லை. 'கொடு' என்றும் 'கோடு' என்றும் ஒரே மாதிரி எழுதியிருக்கும். 'கெடு'வா 'கேடு'வா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் செய்த எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் தெளிவாகப் பிரிந்தன. சுவடி வாசிக்கிற ஒருவர் தமக்குத் தெரியாத சொல்லைக் கண்டால், தெரிந்த சொல்லாகவே அதை வாசிப்பார். பாக்தாதிலும் அதுதான் நடந்தது.

ஜைப் என்றால் என்ன? அங்கியின் மார்புப் பக்கத்து மடிப்பு, கழுத்துத் திறப்பு. அந்த மடிப்புக்குள் காசையும் சிறு பொருள்களையும் செருகி வைப்பார்கள். அதனால் பிற்காலத்தில் சட்டைப் பைக்கு அதுவே பெயராயிற்று. அரபியிலிருந்து பாரசீகத்துக்கும், அங்கிருந்து இந்துஸ்தானிக்கும் போய் 'ஜேப்' ஆகி, அங்கிருந்து தமிழுக்கு 'ஜேபி' என்று வந்தது. நீங்கள் மிஷினில் ஓட்டித் தைக்கும் ஜேபி அது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்தில் 'ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை' என்று ஒலிபெருக்கியில் எச்சரிக்கிறார்களே, அந்த ஜேப்படிக்குள் இருப்பதும் இந்த ஜைப்தான். அரபு நாடுகளில் இன்றும் கணக்குப் பாடத்தில் சைனுக்குப் பெயர் ஜைப். அங்கே ஒன்பதாம் வகுப்புப் பையன் சட்டைப் பைக்கும் சைனுக்கும் ஒரே சொல்லைச் சொல்கிறான்.

12-ஆம் நூற்றாண்டில் அரபு அறிவியல் நூல்களை இலத்தீனுக்கு மாற்றும் வேலை ஐரோப்பாவில், முக்கியமாக ஸ்பெயினில், வேகமாக நடந்தது. அந்த மொழிபெயர்ப்பாளர்கள் ஜைப் என்ற சொல்லைப் பார்த்து, அதே பொருளுள்ள இலத்தீன் சொல்லை எழுதினார்கள்: 'சைனஸ்'. இலத்தீனில் அதற்கு மடிப்பு, வளைவு, குழிவு, மார்பு, கடல் உள்வாங்கிய வளைகுடா என்று பல பொருள். ரோமானியர்கள் போர்த்திக்கொண்ட நீண்ட ஆடையின் மார்பு மடிப்புக்கும் அதுவே பெயர். அவர்களும் பொருள்களை அதற்குள்தான் வைத்துக்கொண்டார்கள்.

இந்தச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் எது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். 'மடி' என்பதைவிடப் பொருத்தமானது கிடைக்கவில்லை. மடிப்பதும் மடி, பிள்ளையைக் கிடத்துவதும் மடி, வேட்டியிலோ சேலையிலோ இடுப்புப் பக்கம் மடித்துப் பணத்தைச் செருகுவதும் மடி. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று சொல்கிறோமே, அந்த மடி. ஆடை மடிப்பு, அரவணைப்பு, பணம் வைக்கும் இடம் என்ற மூன்றும் அரபியிலும் இலத்தீனிலும் தமிழிலும் ஒரே சொல்லில் சேர்ந்திருப்பது எனக்கு இன்னும் வியப்பு. துணியோடு வாழ்கிற உங்களுக்கு இது என்னைவிட நன்றாகவே புரியும்.

மருத்துவர்கள் அதே இலத்தீன் சொல்லைக் குழிவு என்ற பொருளில் எடுத்துக்கொண்டார்கள். மூக்கைச் சுற்றிலும் முகத்து எலும்புகளுக்குள் காற்று நிறைந்த குழிகள் இருக்கின்றன. அவைதான் சைனஸ். அவற்றில் அழற்சி வந்து அடைத்துக்கொண்டால் நெற்றியும் கன்னமும் கனக்கும். அந்தத் தொல்லைக்கும் நாம் சைனஸ் என்றே சொல்லிவிடுகிறோம். கணக்கில் சைனஸின் வால் உதிர்ந்து ஆங்கிலத்தில் சைன் ஆனது. உங்கள் மகனுக்கு இனித் தயங்காமல் சொல்லலாம்: ஆமாம், இரண்டும் ஒரே சொல்தான்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்களில் பலர், 'மொழிபெயர்ப்பாளரின் அறியாமையால் நேர்ந்த பிழை' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இலத்தீன்காரர்கள் கைக்கு அந்த நூல்கள் வந்தபோது, ஜைப் என்பது அரபியில் வேரூன்றிவிட்ட கணக்குச் சொல். பல தலைமுறை வானியலாளர்கள் அதை அப்படியே வழங்கிவிட்டார்கள். இருக்கிற சொல்லை இருக்கிறபடி பெயர்த்தார்கள். அதில் என்ன பிழை? பெயர் மாறினாலும் எண் ஒன்றுகூட மாறவில்லை. ஆரியபட்டரின் பாதி நாண் சட்டை மடிப்பு என்ற பெயரைச் சுமந்துகொண்டே பாக்தாதிலும் ஐரோப்பாவிலும் சரியான விடையைத் தந்தது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சைனின் கதை தெரிந்த உற்சாகத்தில் கோசைனுக்கும் அதே வழியில் கதை கட்டுகிறவர்கள் உண்டு. வடமொழியில் கோசைனுக்குக் 'கோடிஜ்யா' என்று பெயர். கோடி என்றால் வில்லின் நுனி. தெருக்கோடி என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கோடி. கோடிஜ்யாவிலும் 'கோ', கோசைனிலும் 'கோ', ஆகவே ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்பார்கள். அப்படியல்ல. 90 பாகையை நிரப்ப மீதி எவ்வளவு வேண்டுமோ அந்தக் கோணத்தின் சைன் என்பதை இலத்தீனில் 'நிரப்பியின் சைனஸ்' என்று நீட்டி எழுதினார்கள். எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயர் 1620-இல் அதைச் சுருக்கிக் கோசைனஸ் என்று எழுதினார். அந்தக் 'கோ' இலத்தீன் சொல்லின் தலை எழுத்துகள். ஒலி ஒத்துப்போவது தற்செயல். நண்பன் சொன்ன கையெழுத்துச் சைனைப் போலத்தான் இதுவும். சொல்லாராய்ச்சியில் ஒலி ஒற்றுமையைப் பார்த்தவுடன் உறவு கொண்டாடக் கூடாது. எந்த ஊர் வழியாக, எந்த நூற்றாண்டில், யார் கையால் வந்தது என்று தடம் காட்ட முடிந்தால்தான் உறவு. டேன்ஜென்ட்டுக்குப் பெரிய கதை கிடையாது. தொடுவது என்று பொருள்படும் இலத்தீன் சொல். வடிவியலில் அந்தப் பெயருள்ள கோட்டை நம் பாடநூலில் தொடுகோடு என்று சரியாகவே பெயர்த்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன்.

'பரீட்சைக்கு வராது' என்று சொன்னவர் கேள்வித்தாளை மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார். பாடத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனால் பரீட்சையில் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்று விடைத்தாள் திருத்திய அனுபவத்தில் சொல்கிறேன். சைன் 30 அரை என்று தெரியும். ஆகவே சைன் 60 அதன் இரண்டு மடங்கு, ஒன்று என்று எழுதுகிறவர்கள் எல்லா ஆண்டும் இருப்பார்கள். கணக்கைப் போட்டுச் சைனுக்கு 1.3 என்று விடை வந்த பிறகும் சந்தேகம் வராமல் கோடிட்டு முடிக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு அட்டவணை மனப்பாடம்தான். இல்லாதது வில்லும் நாணும்.

ஈர்க்கு வில்லைக் கையில் வைத்திருந்தவன் இந்தத் தவறைச் செய்ய மாட்டான். வட்டத்தில் நாணை எவ்வளவு நீட்டினாலும் விட்டத்தைத் தாண்டாது. பாதி நாண் ஆரத்தைத் தாண்டாது. ஆகவே சைன் ஒன்றைத் தாண்டாது. வில்லின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் நாண் இரண்டு மடங்காகாது, ஏனென்றால் வில் வளைந்து போகிறது, நாண் நேரே போகிறது. கோணம் மிகச் சிறியதாக இருக்கும்போது மட்டும் வில்லும் நாணும் ஏறத்தாழ ஒட்டிக்கொண்டு கிடக்கும். இவ்வளவும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. பெயரின் பொருளைக் கேட்டவன் பாடத்தை விட்டு வெளியே போகவில்லை, பாடத்தின் நடுவீட்டுக்குள் நுழையத்தான் கதவைத் தட்டியிருக்கிறான். அவனைத் தடுக்காதீர்கள்.

அதற்காக எல்லாச் சொல்லுக்கும் வேர் தேடிக்கொண்டு மாலைப் பொழுதைக் கழிக்கச் சொல்லவில்லை. ஒன்று செய்யலாம். கணக்குக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களை இதற்கென்று ஒதுக்கட்டும். வகுப்பில் ஒரு சொல் உறுத்தினால் அங்கே எழுதி வைத்துவிட்டு, அன்றைய கணக்கை முடிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தோடு உட்காரட்டும். மதுரை மாவட்ட மைய நூலகத்திலோ, புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ அகராதிகளும் கணித வரலாற்று நூல்களும் கிடைக்கும். திருமங்கலத்திலிருந்து ஒரு பஸ் ஏறினால் பெரியார் நிலையம், அங்கிருந்து இன்னொன்று. மாதம் ஒரு முறை நீங்களோ வீட்டில் வேறு பெரியவர்களோ அழைத்துப்போனால் போதும். ஆசிரியரிடம் கேட்பதையும் அவன் விட வேண்டாம். பாட நேரத்தில் முடியாவிட்டால் இடைவேளையில் கேட்கட்டும். பதில் தெரியாத ஆசிரியருக்கும் அந்தக் கேள்வி ஒருநாள் உதவும்.

கடைசியாக அவனுக்கு ஒரு வேலை. ஆரியபட்டர் அந்தச் செய்யுளில் பாதி நாண்களின் நீளத்தை நேரடியாகத் தரவில்லை. ஒரு நாணுக்கும் அடுத்த நாணுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தந்திருக்கிறார். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் கலை. வட்டத்தின் சுற்றளவை 21,600 கலைகள் என்று கொண்டால் ஆரம் 3,438 கலைகள். கோணம் 3 பாகை 45 கலை வீதம் ஏறிக்கொண்டே போகும். அந்த 24 வித்தியாசங்கள் இவை:

225, 224, 222, 219, 215, 210, 205, 199, 191, 183, 174, 164, 154, 143, 131, 119, 106, 93, 79, 65, 51, 37, 22, 7.

முதலில் எண்கள் எப்படி இறங்குகின்றன என்று அவன் பார்க்கட்டும். தொடக்கத்தில் மெல்ல, முடிவில் சரசரவென்று. நாண் வளரும் வேகம் குறைந்துகொண்டே போவது அதுதான். பிறகு முதல் எட்டு எண்களைக் கூட்டச் சொல்லுங்கள். எட்டு முறை 3 பாகை 45 கலை என்றால் 30 பாகை. கூட்டுத்தொகை 1,719 வரும். அதை 3,438-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் அரை. கவராயத்தில் அவன் வரைந்த அதே அரை. பன்னிரண்டு எண்களைக் கூட்டினால் 45 பாகை, 2,431. வகுத்தால் 0.7071. அவன் பாடநூலின் அட்டவணையைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய செய்யுளில் நான்கு தசமம் வரை சரியாக இருக்கிறது.

60 பாகையை நான் சொல்லவில்லை. அதற்குப் பதினாறு எண்களைக் கூட்ட வேண்டும். கூட்டி 3,438-ஆல் வகுத்து, வந்த எண்ணை 20-ஆல் பெருக்கட்டும். உங்கள் கடைச் சுவருக்கு வெள்ளையடிக்க 20 அடி ஏணியைத் தரையோடு 60 பாகையில் சாய்த்தால் அதன் நுனி எவ்வளவு உயரத்தில் தொடும் என்பதற்கு விடை அது. 17 அடி 4 அங்குலத்தை ஒட்டி வந்தால் சரி. வேறு எது வந்தாலும், எந்த எண்ணில் கூட்டல் தவறியது என்று அவனே தேடிக் கண்டுபிடிக்கட்டும். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.